நிபந்தனை இல்லாமல் ஒஃபர் போடலாமா? வசந்தகாலச் சந்தையில் வீடு தேடும் ஒரு தம்பிக்கு

கேள்வி இதுதான்: "அக்கா, மார்ச்சில் இருந்து மூன்று வீட்டுக்கு ஒஃபர் போட்டோம். மூன்றும் போய்விட்டன. ரொறன்ரோவுக்குள் ஸ்காபரோவிலும், அதற்கு வெளியே ஏஜாக்ஸிலும் செமி (ஒரு பக்கச் சுவர் ஒட்டிய வீடு) அல்லது சின்னத் தனிவீடு பார்க்கிறோம். 900,000 டொலர் வரை வாங்கலாம் என்று வங்கி சொல்கிறது. கையில் 120,000 இருக்கிறது. எங்களுக்கு இதுதான் முதல் வீடு. வருகிற வியாழன் இரவு இன்னொரு வீட்டுக்கு ஒஃபர் நாள், எல்லா ஒஃபரையும் விற்பவர் ஒன்றாகப் பார்க்கும் நாள். இந்த முறை கொண்டிஷன் (நிபந்தனை) எதுவும் போடாமல் போனால்தான் கிடைக்கும் என்று முகவர் சொல்கிறார். போடலாமா?"

தம்பி, நிபந்தனையை எடுக்கலாம். ஆனால் அந்த நிபந்தனை உங்களுக்காகச் செய்கிற வேலையை எடுக்க முடியாது. அதை வியாழனுக்கு முன்னம் நீங்களே செய்து முடிக்க வேண்டும். முடிக்க முடியாவிட்டால் இந்த வீட்டை விடுங்கள். பதினைந்து வருடமாக மோட்கேஜ் (வீட்டுக் கடன்) வேலை செய்கிறேன். வசந்தகாலத்தில் தவறிப்போன வீட்டுக்காக ஒரு வருடம் கழித்தும் அழுதவர்களை நான் கண்டதில்லை. வாங்கிய வீட்டுக்காக அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

நிபந்தனை என்றால் என்ன என்று முதலில் பாருங்கள். ஃபைனான்சிங் கொண்டிஷன் போட்டால், ஒஃபர் ஏற்கப்பட்ட பிறகும் வழக்கமாக ஐந்து வேலை நாள் உங்கள் கையில் இருக்கும். வங்கி அந்த வீட்டைப் பார்த்து, விலையைச் சரிபார்த்து, முழுச் சம்மதம் தராவிட்டால் டிப்போசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். நிபந்தனை இல்லையென்றால் அந்தக் கதவு இல்லை. ஒன்ராறியோவில் பழைய வீட்டை வாங்கியவர் மனம் மாறி விலகச் சட்டம் ஒரு நாள்கூடத் தருவதில்லை. கட்டுநரிடம் புதுக் கொண்டோ வாங்கினால் 10 நாள் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரியிலிருந்து 3 வேலை நாள் தருகிறார்கள், விலகினால் விலையில் 0.25% கட்ட வேண்டும். இங்கே அதுவும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு விற்பவர் கையெழுத்திட்டு உங்களுக்கு அறிவித்தார் என்றால் அந்த நிமிடமே கட்டுப்பட்டுவிட்டீர்கள். பிறகு முடிக்க முடியாமல் போனால் டிப்போசிட் போகும். அதோடு நிற்காது. அந்த வீடு பிறகு குறைந்த விலைக்கு விற்றால் வித்தியாசத்தைக் கேட்டு உங்கள் மேல் வழக்கும் போடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை, இரண்டு வசந்தங்களில் கண்ணால் பார்த்தேன். 2017 ஏப்ரல் 20 அன்று ஒன்ராறியோ அரசு வீட்டுச் சந்தையைக் குளிர்விக்கும் திட்டத்தை அறிவித்தது. வெளிநாட்டார் வாங்கினால் 15% வரி என்பது அதில் முக்கியமானது. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வாங்கி கோடையில் குளோசிங் (முழுக் காசையும் கட்டி வீட்டைப் பொறுப்பேற்கும் நாள்) வைத்திருந்தவர்களுக்கு, குளோசிங் வரும்போது அந்த விலையைச் சந்தை ஏற்கவில்லை. அடுத்தது 2022. ரொறன்ரோப் பெரும்பாகத்தின் விலைகள் அந்த வருடம் பெப்ரவரியில் உச்சியில் நின்றன. மார்ச் 2 அன்று நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கி தன் வட்டி வீதத்தை 0.25%இலிருந்து 0.50% ஆக்கியது. ஏப்ரலில் 1%, ஜூனில் 1.5%, ஜூலையில் 2.5%. என்னிடம் வந்த ஒரு குடும்பம் அந்தப் பெப்ரவரியில் நிபந்தனை இல்லாமல் பெரிய வீடு வாங்கியிருந்தது, பழைய வீட்டை ஏப்ரலில் விற்கலாம் என்ற எண்ணத்தில். ஏப்ரலில் பார்க்க வந்தவர்களே குறைவு. நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை இரண்டு சகோதரர்களின் கிரெடிட் லைனை வைத்து நிரப்பினார்கள். வீடு மிஞ்சியது, சகோதரர்களுக்கிடையே பேச்சு நீண்ட நாள் நின்றுபோனது. இந்தக் குடும்பம் முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை. ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் செய்தது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். இதைத்தான் வியாழனுக்கு முன் நீங்களும் மனைவியும் மேசையில் இருந்து எழுத வேண்டும்.

900,000 டொலர் வீடு, 10% முற்பணம் என்று வைப்போம்: 90,000. முற்பணம் 20%க்குக் குறைவு என்பதால் மீதி 810,000க்கு மோட்கேஜ் காப்புறுதி வேண்டும், அது 3.10%, அதாவது 25,110. இந்தத் தொகை கடனோடு சேரும். ஆனால் அதற்கு ஒன்ராறியோ போடும் 8% வரி, ஏறக்குறைய 2,009 டொலர், கடனில் சேராது, காசாகக் கட்ட வேண்டும். இதைப் பலர் குளோசிங் கிழமையில்தான் கேள்விப்படுகிறார்கள். அடுத்தது நில மாற்று வரி. 900,000க்கு ஒன்ராறியோ வரி 14,475. ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் மாநகரமும் அதே 14,475ஐக் கேட்கும். முதல் வீடு என்பதால் ஒன்ராறியோ 4,000 வரையும் ரொறன்ரோ 4,475 வரையும் தள்ளுபடி தரும். ஆக ஸ்காபரோவில் 20,475, ஏஜாக்ஸில் 10,475. சரியாகப் பத்தாயிரம் வித்தியாசம். ஸ்டீல்ஸ் வீதியின் தெற்குப் பக்கம் ரொறன்ரோ, வடக்குப் பக்கம் மார்க்கம். வீதியைக் கடந்தாலே இந்த வரி போய்விடும்.

தள்ளுபடி பற்றி ஒரு விடயம், நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. "முதல் வீடு" என்றால் கனடாவில் முதல் வீடு என்று அர்த்தம் இல்லை, உலகில் எங்கும் வீடு இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அப்பா உங்கள் பெயரில் எழுதிவைத்த வீடு, சீதனமாக மனைவிக்கு வந்த வீட்டில் ஒரு பங்கு, எதுவாக இருந்தாலும் இப்போதே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். தள்ளுபடி இல்லையென்றால் 8,475 டொலர் கூட வேண்டும்.

சட்டத்தரணிக்கும் டைட்டில் இன்சூரன்ஸுக்கும் (வீட்டு உரிமைக் காப்புறுதி) 2,500 என்று வையுங்கள். ஸ்காபரோ மொத்தம் ஏறக்குறைய 115,000. கையில் 120,000. எல்லாம் சரியாக நடந்தால் போதும்.

சரியாக நடக்காவிட்டால்? போட்டியில் நீங்கள் 900,000 கொடுத்தீர்கள், வங்கியின் அப்ரைசல் (வீட்டு மதிப்பீடு) 860,000 என்று வருகிறது என்று வைப்போம். வங்கி விலை, மதிப்பு இரண்டில் குறைந்ததைத்தான் பார்க்கும். 860,000க்குச் சட்டப்படி தேவையான குறைந்தபட்ச முற்பணம், முதல் 500,000க்கு 5%, அதற்கு மேல் 10% என்ற கணக்கில், 61,000. ஆகவே கூடியது 799,000 கடன் கிடைக்கும். நீங்கள் வீட்டுக்குப் போட வேண்டியது 90,000 இல்லை, 101,000. வங்கி பார்க்கும் முற்பணம் மதிப்பில் 10%க்குக் குறைவதால் காப்புறுதி 4% ஆகிவிடும், அதன் வரி 2,557. எல்லாம் கூட்டினால் ஸ்காபரோவில் 126,500. ஆறாயிரத்து ஐந்நூறு துண்டு விழுகிறது. அதே விலை, அதே அப்ரைசல், ஏஜாக்ஸ் என்றால் 116,500. தப்பிவிடுவீர்கள்.

இதனால் நான் சொல்வது: ஏஜாக்ஸில் 900,000 வரை நிபந்தனை இல்லாமல் போகலாம். ஸ்காபரோவில் உங்கள் எல்லை 850,000. அந்த விலையில் அப்ரைசல் 40,000 குறைந்து வந்தாலும் ஏறக்குறைய 119,400இல் முடித்துவிடலாம். அதற்கு மேல் போவதென்றால் ஃபைனான்சிங் கொண்டிஷனோடுதான். வங்கி சொன்ன 900,000 அவர்கள் உங்களுக்கு எவ்வளவு கடன் தருவார்கள் என்பதைத்தான் சொல்கிறது. நிபந்தனை இல்லாமல் நீங்கள் எவ்வளவு ஆபத்தைத் தாங்குவீர்கள் என்பதை வங்கி கணக்குப் பார்ப்பதில்லை.

வங்கி தந்த "ப்ரீ அப்ரூவல்" (முன் சம்மதம்) கடிதத்தையும் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். அதில் வட்டி வீதத்தைக் குறிப்பிட்ட நாளுக்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள், உங்கள் வருமானத்தை மேலோட்டமாகப் பார்த்திருக்கிறார்கள். எந்த வீடு என்றே அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் 20% போடாததால் வங்கியோடு காப்புறுதி நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். கனடாவில் அது சி.எம்.எச்.சி., சேஜன், கனடா கரண்டி ஆகிய மூன்றில் ஒன்று. ஆகவே நாளைக்கே உங்கள் மோட்கேஜ் ஆளைக் கூப்பிட்டு வேலைக் கடிதம், டி4 (வருடச் சம்பளப் படிவம்), நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்ட் (வரி மதிப்பீட்டு அறிவித்தல்), சம்பளத் துண்டு எல்லாவற்றையும் ஒரு அண்டர்ரைட்டர் (கடனை அனுமதிக்கும் அலுவலர்) உண்மையிலேயே திறந்து பார்த்தாரா என்று கேளுங்கள். "பார்க்கவில்லை" என்றால் பார்க்கச் சொல்லுங்கள். வட்டிக்கு மேல் 2% கூட்டியோ 5.25%இலோ, எது அதிகமோ அதில் உங்கள் வருமானம் தாங்குகிறதா என்ற சோதனையை இந்த வீட்டின் சொத்து வரியோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதே வீதியில் கடந்த இரண்டு மாதத்தில் விற்ற வீடுகளின் விலையை அவரிடம் கொடுத்து, இந்த வீடு 870க்கோ 900க்கோ போனால் அப்ரைசல் நிற்குமா என்று கேளுங்கள். அவர் உத்தரவாதம் தரமாட்டார். ஆனால் அனுபவமுள்ளவரின் தயக்கத்திலேயே உங்களுக்குப் பதில் இருக்கும்.

120,000இல் சீட்டுக் காசு எவ்வளவு? இதைக் கூச்சப்படாமல் பாருங்கள். முற்பணத்துக்கு வங்கி 90 நாள் கணக்கு விபரம் கேட்கும். போன கிழமை திடீரென்று 25,000 உள்ளே வந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், சீட்டு எடுத்தேன் என்ற பதிலை எந்த அண்டர்ரைட்டரும் எழுதிக்கொள்ள மாட்டார். அம்மா அப்பா, சகோதரங்கள் தந்தது என்றால் திருப்பித் தரவேண்டியதில்லை என்ற பரிசுக் கடிதம் வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து முதல் வீட்டுக்கு ஆளுக்கு 60,000 வரை எடுக்கலாம், ஆனால் போட்ட காசு 90 நாள் இருந்திருக்க வேண்டும். எஃப்.எச்.எஸ்.ஏ. என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு இன்னும் திறக்கவில்லையென்றால் இருவரும் இன்றைக்கே திறவுங்கள். வருடம் 8,000 போடலாம், வரிக் கழிவு உண்டு, வீடு வாங்க எடுக்கும்போதும் வரி இல்லை. இந்தக் கணக்குகளில் காசு முதலீட்டில் கிடந்தால் கைக்கு வர நாள் எடுக்கும். ஒஃபர் ஏற்கப்பட்டால் டிப்போசிட், இங்கே வழக்கமாக 5%, 24 மணித்தியாலத்துக்குள் வங்கி ட்ராஃப்டாகக் கொடுக்க வேண்டும். வெள்ளி காலை 45,000 சாதாரணக் கணக்கில் இருக்கிறதா என்று புதனே பாருங்கள்.

அடுத்தது வீடு. இன்ஸ்பெக்‌ஷன் (வீட்டுப் பரிசோதனை) நிபந்தனை போடாவிட்டால் ஒஃபருக்கு முன்னமே உங்கள் செலவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சில நூறு டொலர் ஆகும், மூன்று வீட்டுக்குச் செய்து மூன்றும் கிடைக்காமலும் போகலாம். வலிக்கும். அப்படியும் செய்யுங்கள். விற்பவர் எடுத்து வைத்த இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கை ஒன்று மேசையில் இருக்கும். அதை வாசியுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஆளை வேலைக்கு வைத்தது நீங்கள் இல்லை.

வசந்தகாலத்தில் வீடு பார்ப்பதில் ஒரு நன்மை இருக்கிறது: பனி உருகுகிற காலத்தில் பேஸ்மென்ட் (நிலக்கீழ்த் தளம்) பொய் சொல்லாது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் நீங்களே பார்க்கலாம். கொங்கிரீட் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் வந்து போயிருக்கிறது. சுவரின் கீழ்ப்பக்கம் இரண்டடி மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். மூலையில் ஈரமகற்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், வாசனைக்கு மெழுகுதிரி கொளுத்தியிருந்தால், நின்று கவனியுங்கள். வெளியே கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே முடிகிறது? வீட்டின் அடியிலேயே முடிந்தால் அந்தத் தண்ணீர் சுவர் வழியாக உள்ளே வரும். முடிந்தால் ஒரு மழை நாளில் திரும்பப் போங்கள். நான் வீடு வாங்கும்போது அடைமழையில் இரண்டாம் முறை போனேன். முதல் முறை பளபளவென்று இருந்த பேஸ்மென்டில், அன்றைக்குப் படிக்குக் கீழே ஒரு துவாய் விரித்திருந்தார்கள். அந்த வீட்டுக்கு ஒஃபர் போடவில்லை. ஏசியை மட்டும் ஏப்ரலில் சோதிக்க முடியாது. குளிரில் ஓடவிட்டால் பழுதாகும் என்று இன்ஸ்பெக்டர் தொடமாட்டார். அதன் வயதைக் கேட்டு, மாற்றும் செலவை மனதில் வையுங்கள்.

ஸ்காபரோவில் 1960களின் நடுவிலிருந்து 70கள் வரை கட்டிய வீடென்றால் அலுமினிய வயரிங்கா என்று கேளுங்கள். வீட்டுக் காப்புறுதிக்காரர் மறுக்கவோ மின்பரிசோதனைச் சான்று கேட்கவோ கூடும், காப்புறுதி இல்லாமல் மோட்கேஜ் காசு வராது. 1990களின் நடுவிலிருந்து 2007 வரையான வீடுகளில் கிடெக் என்ற வகைத் தண்ணீர்க் குழாயா என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் வீட்டின் முகவரியைச் சொல்லி ஒரு காப்புறுதி முகவரிடம் வியாழனுக்கு முன்னமே பேசிவிடலாம், செலவில்லை. தண்ணீர் ஹீட்டர், ஃபர்னஸ் வாடகைக்கு எடுத்ததா, மாதம் எவ்வளவு, ஒப்பந்தத்தை உடைக்க எவ்வளவு என்றும் கேளுங்கள். இந்த வாடகைக்காரர்கள் வீட்டின் பத்திரத்தில் பதிவு போட்டு மிரட்டுவதை ஒன்ராறியோ 2024 ஜூனில் தடுத்தது, ஆனால் வாடகை ஒப்பந்தம் உங்கள் தலையில் வரலாம்.

பேஸ்மென்ட் வாடகையை நம்பித்தான் நம்மவர்கள் பலர் கணக்குப் போடுகிறோம். "சமையலறையோடு பேஸ்மென்ட்" என்று விளம்பரத்தில் இருப்பது சட்டபூர்வமான அலகு என்று அர்த்தமில்லை. ஒப்பந்தத்தில், பேஸ்மென்ட் பற்றி விற்பவர் எந்த உத்தரவாதமும் தரவில்லை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடி வாசியுங்கள். நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து இந்த முகவரிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது அங்கே ஆள் குடியிருந்தால் இன்னும் கவனம். நீங்கள் குடிபுக வேண்டும் என்றால் விற்பவர் உங்கள் சார்பில் என்12 என்ற அறிவித்தலை 60 நாள் முன்கூட்டிக் கொடுத்து, ஒரு மாத வாடகையை நட்டஈடாகத் தர வேண்டும். குடியிருப்பவர் போக மறுத்தால் வாடகைத் தகராறு சபையின் விசாரணை முடியும்வரை யாரும் அவரை வெளியே போடமுடியாது. குளோசிங் நாளில் வீடு காலியாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

விலைக்கு வருவோம். 799,000 என்று போட்டு ஒஃபர் நாள் வைத்திருக்கும் வீட்டின் விலை 799,000 இல்லை என்பது உங்களுக்கு மூன்று தோல்வியில் தெரிந்திருக்கும். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். விற்ற விலைகளைப் பாருங்கள். முன்பு அவை முகவர்களிடம் மட்டும் இருந்தன. 2018 ஆகஸ்டில் ரொறன்ரோ ரியல் எஸ்டேட் சபையின் மேன்முறையீட்டைக் கேட்க உச்ச நீதிமன்றம் மறுத்த பிறகு இணையத்திலேயே பார்க்கலாம். அதே அளவு, அதே வகை, நடந்துபோகும் தூரம், கடந்த 60 நாள். ஐந்து வீடு போதும். அதிலிருந்து உங்கள் எண்ணைக் காகிதத்தில் எழுதி, மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். வியாழன் இரவு முகவர் திரும்ப அழைத்து "இன்னும் கொஞ்சம் கூட்டினால் கிடைக்கும்" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இரவு பத்து மணிக்கு, மூன்று முறை தோற்ற மனதோடு, இன்னும் 25,000 என்பது உங்களுக்குச் சின்னத் தொகையாகத் தெரியும். அதனால்தான் எண்ணைப் பகலில் எழுதச் சொல்கிறேன்.

எத்தனை ஒஃபர் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, விற்பவரின் முகவர் சொல்லியாக வேண்டும். மற்றவர்களின் விலையைச் சொல்வது விற்பவரின் விருப்பம். 2023 டிசம்பர் 1இல் வந்த புதிய விதிகளின்படி அவர் விரும்பினால் திறந்த முறையில் சொல்லலாம், பெரும்பாலானோர் மூடியே வைக்கிறார்கள். உங்கள் முகவரே விற்பவரின் முகவராகவும் இருந்தால் எழுத்தில் உங்கள் சம்மதம் வேண்டும். அதன்பிறகு எந்த விலை போடுவது என்று அவர் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது. அந்த நிலையில் நான் கையெழுத்திடமாட்டேன்.

விலை தவிர விற்பவருக்கு வேறு தேவைகளும் இருக்கும். குளோசிங் திகதி அதில் முதலாவது. பிள்ளைகளின் பள்ளி முடியும்வரை இருக்க வேண்டுமா, வாங்கிய அடுத்த வீட்டுக்கு எப்போது காசு தேவை என்று முகவர் மூலம் கேட்டு அந்தத் திகதியைக் கொடுங்கள். டிப்போசிட்டை ஒஃபரோடு ட்ராஃப்டாகவே கொண்டுபோங்கள். இன்ஸ்பெக்‌ஷன் முன்னமே முடிந்தது, ஃபைனான்சிங் ஐந்து நாளுக்குப் பதில் இரண்டே வேலை நாள் என்று போட்டுப் பாருங்கள். நாலைந்து ஒஃபர் உள்ள வீட்டில் சில சமயம் ஏற்கிறார்கள். பதினைந்து ஒஃபர் என்றால் ஏற்கமாட்டார்கள், அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று, முகவர்கள் அதிகம் சொல்லாதது. ஒஃபர் நாள் வைத்து எதிர்பார்த்த விலை வராமல் போன வீடுகளைத் தேடுங்கள். மறுநாள் 799,000 பட்டியல் நீங்கி, அதே வீடு கூடிய விலையில், ஒஃபர் நாள் இல்லாமல் திரும்ப வரும். அந்த விற்பவர் ஒரு முறை ஏமாந்தவர். அவரிடம் நிதானமாகப் பேசலாம், நிபந்தனை போடலாம். மார்ச், ஏப்ரலில் வாங்குபவர்கள் முந்திக்கொண்டு வருகிறார்கள், மே மாதத்தில் விற்பனைப் பலகைகள் கூடும். ஜூலையில் வாங்குகிறவர்கள் பாதிப்பேர் விடுமுறையில் இருப்பார்கள். செப்டம்பர் பள்ளி என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லையென்றால் இந்த அவசரமும் உங்களுடையது இல்லை.

இன்றைக்கு ஞாயிறு. திங்கள் காலை மோட்கேஜ் ஆளுக்கும் காப்புறுதி முகவருக்கும் கூப்பிடுங்கள், செவ்வாயோ புதனோ இன்ஸ்பெக்டரோடு வீட்டுக்குப் போங்கள். வியாழக்கிழமை வீடு ஸ்காபரோவா ஏஜாக்ஸா என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், 120,000இல் 90 நாளாகக் கணக்கில் இருப்பது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். புதன் இரவுக்குள் உங்கள் எண்ணை இன்னொரு முறை சேர்ந்து பார்க்கலாம்.